யார் வைத்த சேனை

ஜனவரி 8, வியாழன்

இன்றிலிருந்து எழுதுவது என்று முடிவு. இந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் பேசினால் கேட்க ஆளில்லை. கேட்கிறவர்களுக்குப் புரிவதில்லை. புரிந்துகொள்ள ஒருவர் இருந்தார், அவரும் போன மாதம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.

இயக்குநர் ராஜமன்னார் காலையில் எல்லோரையும் கூட்டினார். மார்ச் 13ஆம் தேதி நம் நிலையத்தில் அகில இந்திய மாநாடு. தலைப்பு: ‘தாய்ப்பால் ஆய்வின் எதிர்காலம்’. இந்த மனிதருக்கு நிகழ்காலமே தெரியாது. பால் மாதிரிகளை உறைய வைத்திருக்கும் ஃப்ரீஸர் டிசம்பரில் இரண்டு தடவை நின்றது. மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. எதிர்காலத்துக்கு மட்டும் அதற்குள் பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று.

எனக்கு இருபது நிமிடம். ‘முதல் ஆறு மாதம்’ ஆய்வின் முடிவுகளை வாசிக்க வேண்டும். தென்காசிப் பக்கம் நாற்பது கிராமம், இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். பிறந்த அன்றிலிருந்து ஆறு மாதம் வரை தாயின் பாலையும் பிள்ளையின் மலத்தையும் சேகரித்து, அதில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது, பிள்ளைக்கு என்ன நோய் வருகிறது என்று பார்ப்பது. மூன்று வருஷ வேலை. வேலை என்னுடையது, பேனரில் படம் அவருடையது.

ஜனவரி 12, திங்கள்

செம்புலிக்குளத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். பால்வாடியில் பதினெட்டுப் பெண்கள். எல்லோர் மடியிலும் முறம். நான் பேசப் பேச பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, தண்ணீர் கூடாது, தேன் கூடாது, உரைமருந்து கூடாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். எல்லாத் தலையும் ஆடியது. வீட்டுக்குப் போனதும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

முப்பிடாதி என்று ஒருத்தி. வாய்த்துடுக்கு. மூத்த பையன் நம் ஆய்வில் அறுபத்தொன்றாம் எண், இப்போது இரண்டரை வயது. மறுபடி ஏழு மாதக் கர்ப்பம். எழுந்து நின்று கேட்கிறாள்: “மேடம், எம்பையனுக்கு ஆறு மாசம் சீசா சீசாவா பால் எடுத்துட்டுப் போனீயளே, அதுல என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாரும் வந்து சொல்லவே இல்லயே?”

முடிவு இன்னும் வரவில்லை என்றேன்.

“எம்பிள்ள பள்ளிக்கூடம் போறதுக்குள்ள வந்துருமா?”

பதினெட்டு முறமும் குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த கேள்வியும் அவளே: “நீங்க எத்தன மாசம் குடுத்தீய மேடம்?”

இரண்டு வருஷம், வேலைக்குப் போய்க்கொண்டே கொடுத்தேன் என்றேன். எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்கிறேன். அப்போதுதான் வாயை மூடுகிறார்கள்.

கள உதவியாளர் ஆவுடையம்மாள் மூலையில் ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயது, பத்தாம் வகுப்பு. படிவம் நிரப்புவதும் மாதிரி வாங்குவதும் அவள் வேலை. ஐஸ் பெட்டியை வெயிலில் வைத்ததற்கு ஊர் முன்னால் திட்டினேன். “சரி மேடம்” என்றாள். மூன்று வருஷமாக இந்த இரண்டு வார்த்தைதான். சுரணை என்ற ஒன்றைக் கடவுள் அவளுக்கு வைக்க மறந்துவிட்டார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மகன் நிரஞ்சன் கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை, காலேஜில் ஏதோ பிராஜெக்டாம். ஒருத்திக்கு என்ன பொங்கல். குக்கரில் வைத்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

சென்னையிலிருந்து ரெஹானா ஃபோன். நம் மாதிரிகளின் மரபணுவைப் படித்துச் சொல்கிறவள். இந்த ஆய்வில் மூளை உள்ள இன்னொரு ஆள்.

எழுபத்து நான்கு குழந்தைகளின் வயிற்றில் ஒரே நுண்ணுயிர். ஒரே இனம் என்பது மட்டுமில்லை, ஒரே வம்சம். வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத தாய்கள். அவர்களில் பலர் பாலிலும் அது இருக்கிறது. அதோடு அந்த எழுபத்து நான்கு பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு மற்றவர்களில் பாதிகூட இல்லை.

“மேம், இப்படி ஒரு ரிசல்ட் நான் பார்த்ததே இல்ல” என்றாள்.

நானும் பார்த்ததில்லை. இந்த வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 24, சனி

இயக்குநரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பொதிகை மலைக் காற்று, தாமிரபரணித் தண்ணீர், தமிழ்த் தாயின் மார்பு என்று அரை மணி நேரம் வாய் கிழியப் பேசினார். கண்டுபிடித்த நுண்ணுயிருக்குப் ‘பொதிகை’ என்று பெயர் வைக்கப் போகிறாராம். சொட்டு மருந்தாக்கி நாடு முழுக்கப் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் கொடுக்கலாமாம். அதுதான் ஆய்வின் எதிர்காலமாம்.

“கட்டுரையில முதல் பெயர் உங்களோடதா போடுறேன் செண்பகவல்லி” என்றார்.

நேற்றுவரை பெயர் சொல்லாமல் ‘அந்தோ அவங்க’ என்று கையைக் காட்டியவர்.

பிப்ரவரி 2, திங்கள்

ஒரு சின்ன உறுத்தல். பிள்ளை முதல் தடவை வாய் வைப்பதற்கு முன்பே எடுத்த சீம்பால் நாற்பது பேருக்கு உறைய வைத்திருக்கிறோம். பிள்ளை குடிக்கும்போது அதன் வாயிலிருப்பது மார்புக்குள்ளும் திரும்பிப் போகும். எனவே ‘பொதிகை’ உண்மையிலேயே தாயிடமிருந்து வந்ததென்றால், இந்த முதல் பாலிலேயே இருக்க வேண்டும்.

அனுப்பிச் சோதித்தோம். நாற்பதில் ஒன்றில்கூட இல்லை.

ஆக, பாலிலிருந்து பிள்ளைக்கு வரவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து பாலுக்குப் போயிருக்கிறது. பிள்ளையின் வாய்க்கு எங்கிருந்து வந்தது?

தாய்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள். வேறென்ன. படிவத்தில் பதினாறு கேள்வி, வெளிநாட்டுப் படிவம் ஒன்றைப் பார்த்து நானே தமிழில் எழுதியது. ‘தாய்ப்பால் தவிர வேறு ஆகாரமோ பானமோ கொடுத்தீர்களா?’ எல்லோர் படிவத்திலும் ‘பால் மட்டும்’ என்ற கட்டத்தில்தான் டிக். புட்டிப்பால், கழுதைப்பால், கண்ட கஷாயம் எல்லாம் கொடுத்துவிட்டு டிக் போட வைத்திருக்கிறார்கள். நான் இவர்களை நம்பி மூன்று வருஷம் தொலைத்தேன்.

ஃப்ரீஸர் மறுபடி நின்றது. நான்காம் கடிதம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஜீப்பை எடுத்துக்கொண்டு ஐந்து ஊர் போனேன். பதினோரு வீடு. கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். “பாலு மட்டுந்தான் மேடம்”, “சத்தியமா வேற ஒண்ணும் குடுக்கல மேடம்.” ஒருத்தி பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பொய் சொல்வதில் என்ன ஒரு பக்தி.

கடைசியாக முப்பிடாதி வீடு. அறுபத்தொன்றாம் எண் வாசலில் புரண்டு அழுதுகொண்டிருந்தான். தீப்பெட்டியைப் பிடுங்கி விட்டார்களாம். முப்பிடாதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அவனைத் தூக்கினாள். அலுப்பில் அவள் வாயிலிருந்து தானாக விழுந்தது: “ஆவுடையக்கா சேனை வச்சும் இவனுக்கு இந்தக் கோவம் வருது பாருங்க மேடம். அவிய வைக்கலன்னா வீட்டையே கொளுத்தியிருப்பான்.”

சேனை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பு. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். இந்த ஜில்லாவில் யார் எரிந்து விழுந்தாலும் ‘உனக்கு யாரு சேனை வச்சது’ என்றுதான் கேட்பார்கள். எனக்கே என் பெரியப்பா வைத்தாராம், ஒரு வாய்க்கால் வரப்புக்காக முப்பது வருஷம் கோர்ட்டுக்குப் போனவர்.

திரும்பும்போது ஜீப்பில் ஆவுடையிடம் கேட்டேன்.

“எத்தனை பிள்ளைக்கு வச்சே?”

“நோட்டுல இருக்கு மேடம்.”

“பாலைத் தவிர எதுவும் கூடாதுன்னு ஊர் ஊராச் சொல்லிட்டு நீயே சீனித்தண்ணி வச்சியா?”

“அது ஆகாரமா மேடம்? ஒரு சொட்டு. நாக்குல தொட்டு வைக்கது. வயித்துக்கா போவுது, குணத்துக்குல்லா போவுது.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“படிவத்துல அப்படி ஒரு கேள்வி இல்லயே மேடம். இருந்தா எழுதியிருப்பேன்.”

எப்படி வைப்பாய் என்றேன். வலது கை மோதிர விரலைக் காட்டினாள். “திகட்டிரக் கூடாதுல்லா. மொதல்ல ஒரு சொட்டு நான் நாக்குல வச்சுப் பாப்பேன். பொறவு பிள்ளைக்கு.”

“அதே விரலா?”

“அதே விரல்தான் மேடம்.”

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆவுடையை லேபுக்கு வரச்சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் எச்சில் எடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. “சரி மேடம்.” ரெஹானாவுக்கு அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 9, திங்கள்

நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு, மேலே அட்டையில் பிள்ளையார் படம். திறக்கும்போது கேலி செய்யத் தயாராகத்தான் இருந்தேன்.

எண்பத்து மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பிறந்த நேரம், சேனை வைத்த நேரம், என்ன வைத்தது, சீனியா கருப்பட்டியா தேனா, எத்தனை சொட்டு. அதன்பிறகு ‘போய்ப் பார்த்தது’ என்று தேதி வரிசை. வாரம் தவறாமல். ‘மார்க்காம்பு வெடிப்பு. பிள்ளையைப் பிடிக்கும் விதம் சொன்னேன்.’ ‘மாமியார் புட்டி வாங்கி வந்தார். பேசித் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.’ ‘இன்று நன்றாகக் குடித்தான்.’ நான் அவளுக்குக் கொடுத்த வேலை மாதம் ஒரு தடவை போய் மாதிரி வாங்குவது.

வாரா வாரம் போகச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டேன்.

“நான் சேனை வச்ச பிள்ளைய நான் பாக்காம எப்பிடி மேடம்?”

என் எழுபத்து நான்கும் அவள் எண்பத்து மூன்றுக்குள் இருக்கின்றன. ஒன்றுகூட வெளியே இல்லை. இத்தனை படிப்புப் படித்து, கம்ப்யூட்டரில் எண்களை மூன்று வருஷம் உருட்டி, கடைசியில் நான் கண்டுபிடித்தது ஒரு பொம்பிளையின் செருப்புத் தேய்ந்த கதை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. ‘முதலில் யாரைக் கேட்டார்கள்.’ பெரும்பாலும் ‘என்னையே.’ சிலருக்கு ‘டீச்சர், ஊரில் இல்லை.’ ஒன்பது இடத்தில் வேறு மாதிரி: ‘மேடத்தைக் கேட்டார்கள். மேடம் வரமாட்டார்கள் என்று நான் வைத்தேன்.’

“இது எந்த மேடம்?”

“நீங்கதான்.”

“என்னை எதுக்குக் கேட்டாங்க?”

“வேலைக்குப் போயிக்கிட்டே ரெண்டு வருசம் பால் குடுத்தேன்னு சொன்னீயல்லா. அந்த வைராக்கியம் எம்பிள்ளைக்கும் வரட்டும்னுதான்.”

நோட்டை மூடினேன். வெயிலில் ஐஸ் பெட்டியை வைக்காதே என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ரெஹானா ஃபோன். எச்சிலில் இருப்பதும் அதேதான். பொதிகை மலையும் தாமிரபரணியும் ஆவுடையம்மாள் வாயில் இருக்கிறது.

இயக்குநரிடம் போனேன். முழுவதும் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கு, எனக்கு, ரெஹானாவுக்கு.”

“அந்தச் சென்னைப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன். எச்சில் சாம்பிள் லிஸ்ட்லயே இல்ல, அது எடுக்கப்படவே இல்ல. கிருமி இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்கு, அவ்வளவுதான். எங்கேருந்து வந்தா என்ன? அந்த ஆவுடையம்மாவ அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம். நோட்ட என்கிட்ட குடுத்துடுங்க.”

அது பொய் என்றேன். பிள்ளைகள் நன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கிருமி என்பதற்கு ஆதாரமே இல்லை, இதைச் சொட்டு மருந்தாக்கிப் பிறந்த பிள்ளைகளின் வாயில் விடுவது அயோக்கியத்தனம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினோரு நாள் பால் குடுத்தவங்க ரெண்டு வருஷம்னு ஊர் ஊரா சொல்லிட்டு வரலையா? நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? இந்த மாதிரி விஷயத்துல ஒருத்தருக்கு ஒருத்தர்தான் செண்பகவல்லி.”

அந்த ஆளுக்கு ஞாபகம் மட்டும் நன்றாக இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். மாவு அரைத்தேன். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்ததில் நிரஞ்சனின் பழைய பால் புட்டி ஒன்று, ரப்பர் மூடி இறுகிப்போய். குப்பையில் போட்டேன்.

நிரஞ்சனுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. ஃப்ரீஸர் பழுது பார்க்க ஆள் வந்தார். ஐந்தாவது கடிதத்துக்குப் பலன்.

மார்ச் 6, வெள்ளி

சரி, எழுதித் தொலைக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

நிரஞ்சன் பிறந்த பன்னிரண்டாம் நாள் நான் லேபுக்குப் போனேன். ராஜமன்னார் அப்போது பிரிவுத் தலைவர். மாட்டுப்பால் ஆராய்ச்சி ஒன்று பாதியில் நின்றது. நீங்கள் வரவில்லையென்றால் வேறு ஆள் போடவேண்டியிருக்கும் என்று அவரிடமிருந்து ஒரு கடிதம். கட்டாயம் என்றுகூட எழுதவில்லை. நானாகத்தான் போனேன். மத்தியானம் ஆனால் மார்பு கல்லாகிவிடும், வெள்ளைக் கோட்டுக்குள் ஜாக்கெட் நனையும். பாத்ரூமில் நின்று வாஷ்பேசினில் பீய்ச்சித் தண்ணீரைத் திறந்துவிடுவேன். நான்காம் நாள் காய்ச்சல். பத்து நாளில் வற்றிவிட்டது. நிம்மதியாக இருந்தது. இதுதான் யாரிடமும் சொல்லாதது. நிம்மதியாக இருந்தது.

அவன் புட்டியில்தான் வளர்ந்தான். நன்றாகத்தான் இருக்கிறான், ஆறடி. புட்டிப்பால் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏன் அப்படி எரிச்சல் வருகிறது என்று ரெஹானா ஒரு தடவை கேட்டாள். அறிவியல் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

என் முன் இருப்பது இரண்டு வழி. ஒன்று, பொதிகையை வாசித்து, முதல் பெயராக வந்து, ஆவுடையின் வேலையைத் தின்று, நாளைக்கு நாடு முழுக்கப் பிள்ளைகளின் வாயில் ஒரு அர்த்தமில்லாத சொட்டை ஊற்ற வழிவிடுவது. இன்னொன்று, வாயைத் திறப்பது. திறந்தால் அந்த ஆள் என் வாயை எதைக் கொண்டு அடைப்பார் என்று தெரியும்.

நோட்டை அவரிடம் கொடுக்கவில்லை. அரிசி டிரம்மில் இருக்கிறது. ஒரு விஞ்ஞானி ஆதாரத்தை வைக்கிற இடம்.

மார்ச் 13, வெள்ளி

மாநாடு. வாசலில் வாழை மரம், உள்ளே பன்னீர்ச் செம்பு, வந்தவர்களுக்கெல்லாம் அல்வாப் பொட்டலம். தொடக்க உரையில் இயக்குநர் ‘எதிர்காலம்’ என்ற சொல்லை முப்பத்தொன்பது தடவை சொன்னார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லை.

என் முறை. பதினைந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. எழுபத்து நான்கு பிள்ளைகள், ஒரே வம்சம், வயிற்றுப்போக்கு பாதி. முன்வரிசையில் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் படத்துக்கு ஆவுடையின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் போட்டேன்.

“இந்த நுண்ணுயிர் தாயின் மார்பிலிருந்து வரவில்லை. எங்கள் கள உதவியாளர் ஆவுடையம்மாளின் வாயிலிருந்து, அவர் சேனை வைத்த மோதிர விரல் வழியாக வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. சேனை வைத்தீர்களா என்று நான் எந்தத் தாயிடமும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, அதனால் என் படிவத்திலும் இல்லை. இந்த ஜில்லாவில் பிறந்து, எனக்கே சேனை வைத்திருந்தும், எனக்கு அது தோன்றவில்லை. தாய்கள் பொய் சொன்னார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொல்லவில்லை. பிழை என்னுடையது.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் அரங்கமே. இருபத்திரண்டு வருஷம் உழைத்து நான் பெற்ற பெரிய வரவேற்பு அது.

பின்வரிசையிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் மருத்துவர் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளைங்களுக்கு நோய் குறைஞ்சது உண்மைதானே? அப்ப அதுக்குக் காரணம் என்ன?”

“உறுதியாகத் தெரியாது. ஆவுடையம்மாள் வாரா வாரம் அவங்க வீட்டுக்குப் போனாங்க. அதுவா இருக்கலாம்.”

“அத அளந்தீங்களா?”

“இல்லை. அதுக்கும் படிவத்தில் இடமில்லை.”

“அப்ப இனிமே அளக்க வேண்டியது அதத்தானே?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது இயக்குநர் என் பக்கம் குனிந்து, “அந்தப் பதினோரு நாள் கதைய நானும் நாலு பேருக்குச் சொல்லலாம்ல?” என்றார்.

“தாராளமாச் சொல்லுங்க சார். கடிதம் அனுப்பினது யாருங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றேன். அல்வாவை வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

உத்தரவு வந்தது. என்னை ஆய்விலிருந்து விலக்கி நூலகப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். ‘நிர்வாகக் காரணங்களுக்காக.’ ஆவுடையை நிறுத்தும் உத்தரவும் தட்டச்சாகித் தயாராக இருந்ததாம். அதற்குள் அந்த நரைத்தலை அம்மா, நோட்டின் பிரதியும் எழுதியவரோடு பேச நேரமும் வேண்டும் என்று எல்லோருக்கும் நகல் போட்டுக் கேட்டுவிட்டார். நோட்டு எழுதியவளை நிறுத்த முடியவில்லை. படிவம் எழுதியவளை நிறுத்த ஒரு தடையும் இருக்கவில்லை.

நூலகத்தில் நான்கு பீரோ, ஒரு மின்விசிறி, எட்டு வருஷமாக யாரும் தொடாத சஞ்சிகைகள். மத்தியானம் ஆவுடையம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“உள்ள வாங்க” என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“என்னால உங்களுக்கு இப்பிடி ஆயிட்டே மேடம்.”

“உங்களால ஒண்ணும் ஆகலை. உட்காருங்க.”

“சரி மேடம்” என்று நின்றுகொண்டே இருந்தார். எரிச்சலாகத்தான் வந்தது.

மார்ச் 25, புதன்

காலையில் ஆவுடையம்மாள் ஃபோன். முப்பிடாதிக்கு நல்லபடியாகப் பெண் பிறந்திருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். “ஒங்களத்தான் கேக்கா மேடம். வேற யாரும் தொடக் கூடாதுன்னு நிக்கா.”

எனக்கு இப்போது அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன்.

வார்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளை, சிவந்துபோய், எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு. பார்த்ததுமே ஆரம்பித்தேன்: “சேனை வைக்கக் கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது. உங்க ஊர்லேயே எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன்.”

“சீனித்தண்ணியத்தான வேண்டாங்கிய? எம்பாலுலயே தொட்டு வைங்க. அதுவுமா கூடாது?”

பதினாறு கேள்வி எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. ஆவுடையம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். உதடு லேசாகக் கோணியிருந்தது. அந்த அம்மாளுக்குச் சிரிக்கவும் தெரியும் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

“ஆவுடையம்மா இருக்கும்போது நான் எதுக்கு?”

“மூத்தவனுக்கு அக்காதான வச்சாவ. இதுக்கு நீங்க வைங்க. பொம்பளப்பிள்ள, வைராக்கியம் வேணும். வேலைக்குப் போயிக்கிட்டே ரெண்டு வருசம்...”

“ரெண்டு வருஷம் இல்லை.”

வார்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது.

“பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போயிட்டேன். பால் வத்திடுச்சு. எம்பையன் புட்டியிலதான் வளர்ந்தான். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். நீங்க பொய் சொல்றதா நினைச்சு உங்களைத் திட்டிக்கிட்டே நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

முப்பிடாதி என்னையே பார்த்தாள். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“யம்மா, பதினோரு நாளுக்கா இந்த அதட்டு அதட்டுனீய?” என்றாள்.

வாசல் பக்கம் திரும்பினேன்.

“பால் கட்டிக்கிட்டு வலிச்சிருக்குமே.”

“வலிச்சது.”

“அத அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க இன்னும் நல்லாக் கேட்டிருப்போம்லா? எங்கூட்டத்துல பாதிப்பேரு அந்தக் கததான்.” பிள்ளையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். “சரி விடுங்க. எம்பிள்ள பொய்யே சொன்னாலும் பொறவு ஒத்துக்கிடவாவது செய்யும். அங்கன நிக்காம போயி கையக் கழுவிட்டு வாங்க. நல்லா சோப்புப் போட்டு.”

இரண்டு தடவை கழுவினேன். நகத்துக்குள்ளும் தேய்த்தேன். முப்பிடாதி ஒரு சொட்டு என் மோதிர விரலில் விட்டாள். சூடாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக உறைந்த பாலைத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளை விரலை விடவில்லை. கண் கலங்கியது, என்ன செய்ய. ஆவுடையம்மாள் புது நோட்டு ஒன்றைத் திறந்து நேரத்தை எழுதினார்.

மார்ச் 27, வெள்ளி

நிரஞ்சன் தானாகக் கூப்பிட்டான். ஏன் தும்மிக்கொண்டே பேசுகிறாய் என்று கேட்டான். நூலகத் தூசி என்றேன். பதினோரு நாள் கதையை அவனிடம் சொன்னேன். “அதுக்கென்னம்மா இப்ப?” என்றான். அடுத்த வாரம் வருகிறானாம்.

ஆவுடையம்மாளும் கூப்பிட்டார். முப்பிடாதியின் பிள்ளை நேற்றிலிருந்து வார்டே அதிரும்படி கத்துகிறதாம். நர்ஸ் தூக்கினால் உதைக்கிறதாம், யார் கொஞ்சினாலும் முகத்தைச் சுளிக்கிறதாம். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் யார் வைத்த சேனை என்று விசாரித்தார்களாம். என் பேரைத்தான் சொன்னார்களாம்.

பால் மட்டும் விடாமல் குடிக்கிறதாம்.